பேசாமல் இருக்கும் உரிமை

மணப்பாட்டில் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வந்ததும் கிளமென்ட் செய்யும் முதல் வேலை, மனைவியின் பெட்டியை அணைத்துப் போடுவது. சட்டப்படி அதற்கு அவள் தன் குரலில் சம்மதம் சொல்ல வேண்டும். ஜசிந்தா "சரி" என்பாள். கிளமென்டின் தங்கை ஸ்டெல்லா, கோயிலுக்கு உடுத்திப்போன சேலையோடே தலைமாட்டில் உட்கார்ந்து மூச்சுப்பையை அழுத்தத் தொடங்குவாள். பெட்டி மறுபடி எழுந்து மூச்சைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும்வரை அவள் கை ஓயக்கூடாது.

பெட்டி ஒரு பிஸ்கட் டின் அளவுதான். துறைமுகக் கோபுரத்தில் கப்பல்களுக்கு வழி சொல்லும் ரேடியோ அறையில் பல வருடம் வேலை பார்த்த ஜசிந்தா மோத்தா, ஒரு மத்தியான ஷிப்டில் மைக்கைப் பிடித்தபடியே சரிந்தாள். மூளைத்தண்டில் ரத்தக்கசிவு. அறிவு அப்படியே இருந்தது, காதும் கேட்டது. ஆனால் இமைகூட அசையவில்லை. அரசுத் திட்டத்தில் வந்த பெட்டி அவள் பிடரி வழியாக உள்ளே போய், மூச்சு, எச்சில் விழுங்கல், தூக்கம், குரல் என அறுந்துபோன இணைப்புகளைத் தன் வழியே ஓட்டியது. பெட்டியின் ஒலிபெருக்கியில் வரும் குரலுக்கான மாதிரியைத் துறைமுகத்தின் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து எடுத்தார்கள். அதனால் அவள் தண்ணீர் கேட்டாலும் நங்கூரம் போடச் சொல்வதுபோல்தான் கேட்கும்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு சாதாரண லினக்ஸ் கணினி. வாரம் ஒருமுறை அணைத்துப் போடாவிட்டால் அது தடுமாறும். அணைப்பதற்குமுன் அது ஜசிந்தாவைத் தூங்க வைக்கும். மறுபடி எழும்போது, எழுதி வைத்த வரிசைப்படி ஒவ்வொரு வேலையாகத் தொடங்கும். முதலில் மூச்சு. கடைசியில் குரல். குரல் வந்து அவள் ஏதாவது சொல்லும்போதுதான் அவள் விழித்ததாக வீட்டில் கணக்கு.

இனி இந்தப் பழைய தொடக்க முறைக்கு ஆதரவு கிடையாது, எல்லாப் பெட்டிகளையும் புதியதற்கு மாற்றுகிறோம் என்று நிறுவனம் அறிவித்தது. மாவட்டத்தின் தெற்குப் பகுதிக்கு நியமிக்கப்பட்ட பொறியாளர் நிலோபர், ஒரு திங்கட்கிழமை காலை முதுகுப்பையோடு வந்து கட்டிலருகே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"புதுசுல என்ன விசேஷம்?" என்று கேட்டாள் ஜசிந்தா.

"இப்ப இருக்கறது ரேஷன் கடை க்யூ மாதிரிக்கா. முன்னால நிக்கிறவர் பையை நிரப்பிட்டு நகர்ந்தாத்தான் அடுத்தவர். புதுசு கல்யாண வீட்டுச் சமையல். எல்லா அடுப்பும் ஒண்ணா எரியும். எதுக்கு எது தயாரா இருக்கணும்னு மட்டும் சொல்லி வச்சிட்டாப் போதும். கறி வெந்தாத்தான் தம் போட முடியும். தயிர்ப் பச்சடி யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்."

"நீ மேலப்பாளையமா?"

"ஆமாக்கா. எப்படித் தெரியும்?"

"கம்ப்யூட்டரைக் கேட்டா பிரியாணி கிண்டுதியே."

நிலோபர் சிரித்துவிட்டாள். நங்கூரக் குரலில் வந்த கேலி அது என்பது அவளுக்கு உறைக்க ஒரு கணம் ஆகியிருந்தது.

"சரி, ஒண்ணு கேக்கேன்" என்றாள் ஜசிந்தா. "துறைமுகத்துக்குள்ள வழிகாட்டுற பைலட் ஏறினாத்தான் கப்பல் நகரும். கப்பல் நகர்ந்து கிட்ட வந்தாத்தான் பைலட் ஏறுவான். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னா உன் புது முறை என்ன செய்யும்?"

"அப்படி நின்னுட்டா மூச்சும் சேர்ந்துல்ல நிக்கும்? அதனால அது ரெண்டுல ஒண்ணைத் தூக்கி ஓரமா வச்சிட்டு மத்ததைத் தொடங்கிடும்."

"எதைத் தூக்கும்?"

"அது அப்பப்ப மாறும். அப்படி ஒரு நிலைமையே வராம எழுதறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

கிளமென்ட் டீ வாங்கப் போயிருந்தார். ஸ்டெல்லா கொல்லையில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். ஜசிந்தா குரலின் அளவைக் குறைத்துக்கொண்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றை அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

"நான் முழிக்கிறது குரல் வரும்போது இல்ல. அதுக்கு ரொம்ப முன்னாலயே. உங்க வரிசைல தூக்கம் எடுக்கறது மூணாவதா நாலாவதா வருது. அதுலருந்து குரல் வர்ற வரைக்கும் நான் முழிச்சுத்தான் கெடக்கேன். மூக்குல ஈ உக்காந்தாச் சொல்ல முடியாது. ஸ்டெல்லா பேச்சு வாக்குல பையை எடுக்க மறந்து மூஞ்சிலயே வச்சிட்டுப் போனாலும் சொல்ல முடியாது. இவங்க எல்லாம் நான் தூங்குதேன்னு நெனச்சு என்னென்னவோ பேசிக்கிடுவாங்க. சவப்பெட்டிக்குள்ள முழிச்சுக்கிட்ட மாதிரி இருக்கும். வாராவாரம்."

"ஏங்கா சொல்லவே இல்ல?"

"முதல் வாரத்துலயே என் வீட்டுக்காரர் தேம்பித் தேம்பி அழுதாரு, 'இவ இப்படியே எத்தனை வருசம் கெடப்பா'ன்னு. அதைக் கேட்டேன்னு அவருகிட்ட எப்படிச் சொல்ல?"

நிலோபர் மடிக்கணினியைத் திறந்தாள். பிறகு, "இனிமே அப்படி நடக்காதுக்கா" என்று சொல்லி ஒரு வரி சேர்த்தாள். குரல் தயாரானால்தான் தூக்கம் விலக வேண்டும். நிறுவனம் கொடுத்த பட்டியலில் அது இல்லை. ஒரு மனிதருக்கு நியாயமாகச் செய்ய வேண்டியது என்று அவளுக்குத் தோன்றியது, அவ்வளவுதான். இனிப் போகும் எல்லா வீட்டிலும் இதைச் சேர்க்கப்போவதாக அவள் சொன்னபோது ஜசிந்தா, "நல்லா இருப்பே" என்றாள்.

கிளமென்ட் டீயோடு வந்தார். கூடவே அவருடைய வி.எச்.எப். ரேடியோவும் உயிர்பெற்றது. கப்பல்களுக்குக் காய்கறியும் அரிசியும் ஏற்றுகிற தொழில் அவருக்கு. எந்தக் கப்பல் எப்போது வருகிறது என்று தெரிந்துகொள்ள அந்தக் கருவி ஜன்னலோரம் எப்போதும் திறந்தே இருக்கும். அன்று காலை அதிலிருந்து ஜசிந்தாவின் குரல் வந்தது. கட்டிலில் இருந்த ஜசிந்தா எதுவும் சொல்லவில்லை.

"மணப்பாடு துறைமுகக் கட்டுப்பாடு. எம்.வி. கோரல் ஸ்டார், வேகத்தைக் குறைத்து வடக்கு மிதவைக்கு வரவும்."

கிளமென்ட் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார். "கோபுரத்துல இனிமே ஆள் கிடையாதாம். தானாப் பேசுற மிஷினு. உன் பதிவு அவங்ககிட்ட இருக்கு, கொடுக்கலாமான்னு கேட்டாங்க. கொடுத்தேன். சும்மாக் கெடக்குறதுக்கு நாலு கப்பலுக்குப் பிரயோஜனமா இருக்கட்டும்னு..."

"சும்மாக் கெடக்குதா?"

"ஏட்டி, அந்த அர்த்தத்துல சொல்லல."

"என் குரலை என்கிட்ட கேக்காம எப்படிக் கொடுத்திய? இங்கதான கெடக்கேன்? எங்கயும் போயிரலையே?"

"கேட்டா நீ வேண்டாம்ப."

"ஆமா, வேண்டாம்பேன். அதுக்குத்தான் கேக்கணும்."

கிளமென்ட் தலையைச் சொறிந்தார். ஜசிந்தா, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாத அந்தக் குரலில், "இனி உங்ககூட எனக்குப் பேச்சு இல்ல. நிலோபர், நீ வேலையைப் பாரு. சரி" என்றாள்.

அந்தக் கடைசிச் சொல்தான் சட்டப்படியான சம்மதம். ஸ்டெல்லா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து மூச்சுப்பையை எடுத்தாள்.

ஜசிந்தா விழித்தபோது முதலில் ஆச்சரியமாக இருந்தது. மூச்சு ஏற்கெனவே சீராக ஓடியது. ஸ்டெல்லா பையை ஓரமாக வைக்கும் சத்தம் கேட்டது. எல்லாம் ஒன்றாகவே எழுந்துவிட்டதுபோல் இருந்தது. "அதுக்குள்ள ஆச்சா?" என்றாள்.

சத்தம் வரவில்லை.

மறுபடி சொல்லிப் பார்த்தாள். நிலோபரின் பெயரைக் கூப்பிட்டாள். பிறகு கத்தினாள். கத்துவதற்கு ஒரு உள்முயற்சி தேவை. அதைச் செய்த உணர்வு முழுமையாக இருந்தது. அறையில் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

"எல்லா விளக்குமே பச்சை" என்று நிலோபர் சொல்வது கேட்டது. "ஒரு பிழைகூட இல்ல. அக்கா? எப்படி இருக்கு?"

"பேசமாட்டா" என்றார் கிளமென்ட்.

"என்கிட்டக்கூடவா?"

"ஒருத்தர்கிட்ட கோவம்னா உலகத்துக்கே கதவைச் சாத்திருவா. ஒரு வருசம் நாலு வாரத் திருவருகைக்காலம் ஆரம்பிச்ச அன்னிக்கு மூடின வாயை கிறிஸ்மஸ் பாதிராத்திரிப் பூசை முடிஞ்சுதான் திறந்தா. அப்ப நடமாடிக்கிட்டு இருந்தா வேற. கையால சைகை காட்டியே என்னைக் கொன்னா."

ஸ்டெல்லா சிரித்தாள். "மைனிக்கு ரோசம் ஜாஸ்தி."

குரலைச் சோதித்துப் பார்க்க நிலோபர் விரும்பினாள் என்பது அவள் விரல்கள் விசைப்பலகை மேல் தயங்கியதிலேயே ஜசிந்தாவுக்குத் தெரிந்தது. ஆனால் குரலின் பாதையைத் திறந்து பார்ப்பது என்பது, சொல்லப்படாத சொற்களையும் பார்ப்பது. மனத்தனிமைச் சட்டம் வந்த பிறகு, பெட்டிக்காரரின் வாய்மொழிச் சம்மதம் இல்லாமல் அதைத் திறக்க யாருக்கும் உரிமை இல்லை.

"கோவம் தீர்ந்ததும் எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவள் பையை மாட்டிக்கொண்டாள். உடன்குடி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

*

அந்த வாரம் முழுவதும் கிளமென்ட் மன்னிப்புக் கேட்டார். முதலில் குரல் விஷயத்துக்கு. அது எடுபடவில்லை என்று தோன்றியதும் வேறு விஷயங்களுக்கு. அவள் தம்பி கல்யாணத்தில் பந்தியிலிருந்து எழுந்துபோனதற்கு. அவள் ஆசையாக வளர்த்த முருங்கையை வெட்டியதற்கு. கோபுரத்தில் பதவி உயர்வுத் தேர்வு வந்தபோது, 'எதுக்கு உனக்கு' என்று இரண்டே வார்த்தையில் முடித்ததற்கு. ஜசிந்தா இவற்றில் பாதியை மறந்தே போயிருந்தாள். விட்டாச்சு, அதெல்லாம் விட்டாச்சு, பெட்டியைப் பாருங்க என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அவள் மூச்சு பெட்டியின் தாளத்தில் மாறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னுமா இறங்கல?" என்பாள் ஸ்டெல்லா, குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றிக்கொண்டே. "எண்ணா, நீ என்ன செஞ்சே உண்மையச் சொல்லு. எவளையாவது வச்சிருக்கியா?"

"வாயைக் கழுவு."

"மைனி, எனக்கு மட்டும் ரகசியமாச் சொல்லுங்க. நான் அவன்கிட்ட சொல்லல."

தலையணையில் ஒரு மடிப்பு காதை அழுத்தியது. கஞ்சி கொஞ்சம் சூடாக இருந்தது. பழைய ஞாயிற்றுக்கிழமைகளில், கொஞ்ச நேரத்தில் குரல் வந்துவிடும் என்ற உறுதியில்தான் அவள் அந்த இடைவெளியைத் தாண்டினாள். இப்போது அந்த இடைவெளிக்கு மறுகரை இல்லை. தூக்கம் மட்டும் ஒழுங்காக வந்தது. பெட்டி அவளைத் தூங்க வைத்தது, எழுப்பியது. எழுப்பும் ஒவ்வொரு முறையும் அவள் அதே இடத்தில்தான் எழுந்தாள்.

ஜன்னலோரத்தில் அவள் குரல் கப்பல்களிடம் பேசிக்கொண்டே இருந்தது. தெளிவாக, தயங்காமல். மாலுமிகள் நன்றி சொன்னார்கள். "குட் மார்னிங் மேடம்" என்றார்கள். தன் குரல் வெளியே உத்தியோகம் பார்ப்பதைக் கேட்டுக்கொண்டு கிடந்தவளுக்கு, அதற்குள் புகுந்து ஒரே ஒரு சொல்லை மாற்றிப்போட முடியாதா என்று இருந்தது.

கிளமென்ட் நிறுவனத்தின் உதவி எண்ணுக்கும் பேசினார். எல்லா வேலைகளும் ஓடுகின்றன, கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்றார்கள். "பயனாளர் பேசாமல் இருக்கும் தன் உரிமையைப் பயன்படுத்துகிறார், சார். தயவுசெய்து அவரை வற்புறுத்த வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை அவள் 'சரி' சொல்லாததால் பெட்டியை அணைத்துப் போடவும் முடியவில்லை. அடுத்த வாரம் திட்டத்தின் வருடாந்திர ஆய்வு. பெட்டிகள் குறைவு, காத்திருப்போர் அதிகம். ஒவ்வொரு பெட்டிக்காரரும் வருடம் ஒருமுறை, பெட்டியைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள விருப்பம் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். ஆய்வு அதிகாரி தணிகாசலம் ஓய்வை நெருங்கிய, மெதுவாகப் பேசுகிற மனிதர். நாற்காலியை இழுத்துப்போட்டு, ஜசிந்தாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து கேட்டார்.

"அம்மா, இந்தப் பெட்டி உங்களிடம் தொடர்ந்து இருக்க விரும்புகிறீர்களா?"

விரும்புகிறேன், என்றாள் ஜசிந்தா. விரும்புகிறேன். விரும்புகிறேன்.

விதிப்படி அவர் மூன்று முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் போதுமான நேரம் கொடுத்தார். அவர் கைக்கருவியில் பச்சை எரிந்தது. அதையும் கிளமென்டிடம் காட்டினார்.

"குரல் வேலை செய்கிறது. அம்மா விழித்திருக்கிறார்கள். பதில் சொல்லவில்லை. இதை மறுப்பு என்றுதான் நான் பதிய வேண்டும், ஐயா. வெள்ளிக்கிழமை வந்து பெட்டியை எடுப்பார்கள். அம்மாவை மூச்சுக்கருவி உள்ள வார்டுக்கு மாற்றித் தருவோம்."

கிளமென்ட் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, அவ கோவத்துல இருக்கா. வேற ஒண்ணும் இல்ல. புருசன் பொண்டாட்டி சண்டை."

"கோபமும் ஒருவருடைய விருப்பம்தானே?"

"பெட்டியத் தொறந்து பாத்தா என்ன நெனைக்கான்னு தெரிஞ்சிருமே?"

"அப்படித் திறந்து பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் நான் இந்த வேலைக்கு வந்தேன்" என்றார் தணிகாசலம். "ஒரு வீட்டில் மகன் தாயின் பெட்டியைத் திறந்து, நகையை எங்கே வைத்திருக்கிறாள் என்று படித்தான். இன்னொரு வீட்டில் கணவன் தினமும் இரவு உட்கார்ந்து மனைவியின் பழைய சிநேகிதம் எல்லாவற்றையும் படித்தான். உடம்பு அசையாத மனிதருக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு அறை. அதற்கும் கதவு வேண்டாமா? அந்தக் கதவுக்காகத்தான் இந்தச் சட்டம். நானும் அதற்காகச் சாட்சி சொன்னவன்."

ஜசிந்தா இதையெல்லாம் கேட்டாள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை என்பதுதான் அவளைத் திகிலடைய வைத்தது. கோபமாக இருப்பதாக நினைத்துக் கணவன் அவளை மதித்தார். மறுப்பதாக நினைத்து அதிகாரி அவளை மதித்தார். இத்தனை மரியாதைக்கும் நடுவில் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

*

வியாழக்கிழமை மத்தியானம் கிளமென்ட் சாப்பிடாமல் வந்து கட்டிலருகே நின்றார். ஸ்டெல்லா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி ஜசி. உனக்கு ஒரு விசயம் தெரியுமா? அந்தப் பெரிய புயல்ல ஓஷன் பிரைடு கப்பல் பாறைல ஏறாமத் தப்பிச்சுதே, ஊரெல்லாம் உன்னைக் கொண்டாடிச்சே. அது நீ செஞ்சதே இல்லையாம். உன்கூட கோபுரத்துல வேலை பாத்த தெரன்ஸ்தான் மைக்கைப் புடிச்சானாம். நீ மூலைல உக்காந்து ஜெபமாலை உருட்டிக்கிட்டு இருந்தியாம்."

ஸ்டெல்லாவின் கை நின்றது. "எண்ணா, என்ன பேசுத?"

"சும்மா இரு. பொம்பளைன்னு பாவம் பாத்து தெரன்ஸ் உனக்குப் பேரை விட்டுக் கொடுத்தானாம். நானும் அப்பவே நெனச்சேன். உனக்கு எங்க அவ்வளவு சாமர்த்தியம்? ரேடியோல சேனல் பதினாறுக்கும் பன்னிரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு நீ."

ஜசிந்தாவுக்குள் ஏதோ வெடித்தது. அந்த இரவின் காற்று, அலை உயரம், கப்பல் தலைவனின் உடைந்த ஆங்கிலம், கப்பலைத் திருப்பத் தான் சொன்ன ஒவ்வொரு பாகையும் அவளுக்குள் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன. பதினாறு வருட இல்வாழ்க்கையில் அவர் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. அவள் சொல்லத் தொடங்கியதில் பாதி, கோயிலுக்குப் போகிறவர்கள் சொல்லத் தகாதது.

கிளமென்ட் காத்திருந்தார். ஸ்டெல்லாவும் அண்ணனைப் பார்க்காமல் ஜசிந்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை மன்னிக்கமாட்டா. செத்துக்கூடப் போவா, அவ பிடிவாதம் எனக்குத் தெரியும்" என்றார் கிளமென்ட். "ஆனா இதுக்குப் பதில் சொல்லாம சாகமாட்டா. ஸ்டெல்லா, இவ பேசாம இல்லட்டீ. இவளால பேச முடியல."

"உதவி நம்பருக்குப் போடு."

"போட்டா, இவளே 'சரி' சொல்லட்டும்பான். பையை எடு."

"எண்ணா, மைனி சொல்லாம அணைச்சா ஜெயில்."

"பையை எடுட்டீ!"

அணைக்கும்போது பெட்டி அவளைத் தூங்க வைக்கும். ஆனால் கிளமென்டுக்கு அந்த முறையான கட்டளையைக் கொடுக்க அவளுடைய 'சரி' தேவைப்பட்டது. அவர் கட்டிலுக்கடியில் குனிந்து கம்பியைப் பிடுங்கினார். ஜசிந்தா விழித்திருந்தபடியே மூச்சு நின்றது. மார்பு ஒரு மூடிய பானைபோல் ஆனது. ஸ்டெல்லா பையை வாயில் பொருத்தத் தடுமாறினாள். அவள் "மாதாவே மாதாவே" என்று முனகுவது எங்கோ தொலைவில் கேட்டது. முதல் காற்று உள்ளே வந்தபோது அது காற்று என்றே ஜசிந்தாவுக்குத் தெரியவில்லை, சுடுவதுபோல் இருந்தது. கிளமென்ட் கம்பியைத் திரும்பச் செருகினார்.

விளக்குகள் எழுந்தன. எல்லாம் பச்சை.

"தெரன்ஸ் அன்னிக்கு லீவு" என்றது பெட்டி.

கிளமென்ட் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஜெபமாலை உருட்டினேனாம். கப்பலைத் திருப்புன்னு சொன்னது நான். சேனல் பன்னிரண்டுல. பதிவு இருக்கு, போய்க் கேளுங்க. முருங்கையை வெட்டினதுக்குக்கூட மன்னிச்சிருப்பேன்."

ஸ்டெல்லா அழுதுகொண்டே சிரித்தாள். கிளமென்ட் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே வெகுநேரம் இருந்தார்.

தணிகாசலம் தொலைபேசியில் ஜசிந்தாவின் 'விரும்புகிறேன்' என்பதைக் கேட்டு மறுப்பை ரத்து செய்தார். ஆனால் சம்மதமின்றிப் பெட்டியை அணைத்ததற்குக் கிளமென்ட் மேல் புகார் பதியாமல் இருக்க முடியாது என்றார்.

அன்று இரவு பெட்டி ஜசிந்தாவைத் தூங்க வைக்கவில்லை. மறுநாளும் இல்லை. கண்ணுக்குப் பின்னால் மணல் அடைத்ததுபோல் அவள் விழித்தே கிடந்தாள். சனிக்கிழமை காலை நிலோபர் வந்து, அவள் சம்மதத்தோடு உள்ளே திறந்து பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தான்கா" என்றாள். "தூக்கம் விலகினப்புறம்தான் குரல் தொடங்கணும்னு கம்பெனி ஏற்கெனவே எழுதி வச்சிருக்கு, கனவுல பேசறது வெளிய கேக்கக்கூடாதுன்னு. அது பூட்டின பகுதில இருந்துச்சு, நான் பாக்கல. குரல் வந்தப்புறம்தான் தூக்கம் விலகணும்னு நான் எழுதினேன். ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டு நின்னுடுச்சு. அன்னிக்குக் குரலைத் தூக்கி ஓரமா வச்சிருக்கு. அண்ணாச்சி கம்பியைப் புடுங்கினப்ப தூக்கத்தை வச்சிருக்கு."

"பச்சை எரிஞ்சுதே?"

"தொடங்கித் தோத்தாத்தான் சிவப்பு. தொடங்கவே வேண்டாம்னு விட்டதை அது தோல்வின்னு கணக்கெடுக்காது."

"அப்படிக் கணக்கு எழுதினவங்களைச் சொல்லணும்" என்றார் கிளமென்ட்.

நிலோபர் தன் வரியை அழித்தாள். ஜசிந்தா 'சரி' சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அணைத்து எழுப்பினால் சிக்கல் தீரும். ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை.

"நிலோபர், எனக்குப் பொறவு எத்தனை வீட்டுக்குப் போனே?"

நிலோபர் தலை நிமிரவில்லை. "பதினாலு."

"எல்லா வீட்டுலயும் அந்த வரியா?"

"நல்லதுன்னு நெனச்சுக்கா."

"தெரியும். அவங்க எல்லாம் பேசுதாங்களா?"

"மூணு பேர் தூக்கம் வரலைன்னு புகார் கொடுத்திருக்காங்க. மூணு பேரும் பேசுறாங்க. அவங்ககிட்ட இன்னிக்கே போறேன்."

"மத்தவங்க?"

"மத்தவங்ககிட்டருந்து புகார் எதுவும்..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

"போனைப் போடு" என்றாள் ஜசிந்தா.

முதலில் கிடைத்தது திசையன்விளையில் கோமதியம்மாள் வீடு. மகன் எடுத்தான். ஒலிபெருக்கியில் போட்டாள் நிலோபர்.

"வணக்கம் மேடம்! நானே உங்களுக்குப் பேசி நன்றி சொல்லணும்னு இருந்தேன். அம்மாவா? அருமையா இருக்காங்க. முன்னால எல்லாம் ஒரு நிமிசம் ஓயமாட்டாங்க. இது சரியில்ல, அது சரியில்லன்னு என் வீட்டுக்காரியைப் போட்டு வறுத்து எடுப்பாங்க. நீங்க மாத்திவிட்டதுலருந்து ஒரு பேச்சு இல்ல. இப்பத்தான் வீடு வீடா இருக்கு."

"அண்ணே, அதுல ஒரு கோளாறு. அம்மாவால பேச முடியல. பெட்டியை ஒருதடவை அணைச்சு எழுப்பணும்."

"பச்சைதான் எரியுது மேடம். அணைக்கணும்னா அம்மா சரின்னு சொல்லணும்லா? சட்டம் இருக்கே. மணப்பாட்டுல யார் மேலயோ கேஸ் போட்டிருக்குன்னு கேள்விப்பட்டேன்."

கிளமென்ட் தரையைப் பார்த்தார்.

"தம்பி" என்றாள் ஜசிந்தா. "போனை அம்மா காதுகிட்ட கொஞ்சம் வைங்க."

"நீங்க யாரு?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சவ. ஒரு நிமிசம்தான்."

காலடிச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு மின்விசிறியின் ஓசை, அதற்கடியில் ஒரு பெட்டியின் சீரான மூச்சு. ஜசிந்தா, பதில் பேசும் கருவி உடைந்துபோன கப்பல்களைக் கூப்பிடும் அதே நிதானத்தோடு பேசினாள்.

"கோமதியம்மா, நான் மணப்பாட்டு ஜசிந்தா. நீங்க பதில் சொல்ல முடியாது, எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் கெடந்தேன். நீங்க கேக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அது நீங்க செஞ்ச தப்பு இல்ல. உங்களுக்குப் புத்தி பிசகல. மிஷினு உங்க குரலை எடுத்து ஓரமா வச்சிருக்கு. அதைத் திரும்ப வைக்க ஆளு வரும். வரவைப்பேன். அதுவரைக்கும் தினமும் இதே நேரத்துக்குக் கூப்பிடுதேன்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பெட்டி மூச்சு விட்டது. பிறகு போன் கை மாறும் கரகரப்பு.

"அம்மா ஒண்ணும் சொல்லலியேங்க" என்றான் மகன். "வச்சிரட்டுமா?"